எலும்புக்குள் ஒரு ஓவர்டைம்!

வலிகளில் கௌரவமான வலி, கௌரவமில்லாத வலி என்று இரண்டு ஜாதி உண்டு.

காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். ராஜமரியாதை! லிஃப்ட்டில் இடம் விடுவார்கள். கட்டின் மேல் கையெழுத்துப் போடுவார்கள். கேன்டீன் டீ ஸீட்டுக்கே வரும். பல்வலி என்றாலும் பரவாயில்லை. கன்னம் வீங்கியிருக்கும், பார்த்தவர்கள் 'த்சொ, த்சொ' கொட்டுவார்கள்.

எலும்புக்குள்ளே வலித்தால்? வெளியே ஒன்றுமே தெரியாது. வீக்கமில்லை, காயமில்லை, கட்டு இல்லை. "என்னப்பா, நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பெண்டிங் ஃபைலை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு வந்தது இந்த இரண்டாவது ஜாதி.

வயசு 31. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப் என்று ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 4,000-லிருந்து 11,000 வரை இருக்கலாம். எனக்கு 1,86,000! லேப்காரர் மெஷினைச் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. ரிப்பேர் நான்தான்.

வியாதியின் பெயர் க்ரானிக் மைலாய்ட் லுகேமியா. ஆஸ்பத்திரியில் செல்லப் பெயர் சி.எம்.எல்.

ரத்தப் புற்றுநோய் என்றவுடன் உங்கள் மனசுக்குள் ஓட ஆரம்பிக்கும் சினிமா எனக்குத் தெரியும். ஹீரோ இருமுவார், கைக்குட்டையில் ரத்தம், பின்னணியில் வயலின். அந்தப் படத்தை நிறுத்திவிடுங்கள். லுகேமியாவில் பல வகை. அதில் இந்த வகைக்குப் பெரும்பாலும் தினம் ஒரு வேளை மாத்திரைதான் வைத்தியம். ஆபீஸ் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், இன்க்ரிமென்ட்டுக்குச் சண்டை போடலாம்.

ஆனால், அந்த மாத்திரையை ஆரம்பித்த முதல் சில வாரங்கள் இருக்கிறதே... அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், வியாதியை ஜெயிக்க வேண்டிய சிலர் அந்த வாரங்களில்தான் வலியிடம் தோற்றுப்போய் மாத்திரையைத் தள்ளி வைக்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு துப்பறியும் வேலை

முதலில் கொஞ்சம் கதை.

1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் சி.எம்.எல். நோயாளிகளின் ரத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருந்தது. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்.

குட்டையானதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி அம்மையார். குரோமோசோம் போட்டோக்களை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பிக் கத்தரித்து ஒட்டுவாராம். "அம்மா காகிதப் பொம்மை விளையாடறா" என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்களாம். அந்த விளையாட்டில்தான், 9-ஆம் நம்பர் குரோமோசோமும் 22-ஆம் நம்பரும் ஒரு துண்டை இடம் மாற்றிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. அது 1973-ல்.

இடம் மாறிய துண்டுகள் ஒட்டும் இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்று ஒரு புது ஜீன் உருவாகிறது. அது தயாரிக்கிற புரதம் ஆஃப் ஆகாத ஸ்விட்ச் மாதிரி. எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்துகொண்டு 'ஆள் எடு, ஆள் எடு' என்று இருபத்துநாலு மணி நேரமும் உத்தரவு போடும். மஜ்ஜையில் ஓவர்டைம்! தேவைக்கு மேல் வெள்ளை அணுக்கள். உட்கார நாற்காலி இல்லாத ஆபீஸில் ஆயிரம் பேரை வேலைக்குச் சேர்த்த கதைதான்.

அந்த ஸ்விட்ச்சில் போய் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கிற மருந்துதான் இமாட்டினிப். அமெரிக்காவில் டாக்டர் பிரையன் ட்ருக்கரும் மற்றவர்களும் 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2001-ல் முடிவு வெளியானது. தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியானது. அதே வருஷம் மே மாதம் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

நம் ஊரில் அந்த பிராண்ட் மாத்திரை அந்தக் காலத்தில் மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது. இந்தியக் கம்பெனிகள் தயாரித்ததோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கவில்லை. பேடன்ட் வழக்கு பல வருஷம் நடந்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் பேடன்ட் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தேதி ஏப்ரல் 1. ஆனால், அது ஏப்ரல் ஃபூல் இல்லை!

அப்புறம் ஏன் வலி?

மருந்து வேலை செய்கிறது, எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது, சரி. எலும்பு ஏன் வலிக்க வேண்டும்?

காரணம் ஒன்றல்ல. பெரியவர்களுக்கு ரத்தம் உற்பத்தியாவது இடுப்பு எலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல் முனை, இங்கெல்லாம். எலும்பு பலூன் மாதிரி விரிந்து கொடுக்காது. உள்ளே கூட்டம் சேர்ந்தால் அழுத்தம் வரும். எலும்பின் மேல்தோலில் நரம்புகள் ஏராளம். இது வியாதி தருகிற வலி.

அடுத்தது, மருந்து தருகிற வலி. இமாட்டினிப் அந்தக் கெட்ட ஸ்விட்ச்சை மட்டும் அடைப்பதில்லை. எலும்பு தேய்ந்து வளர்கிற அன்றாட வேலையில் சம்பந்தப்பட்ட சில நல்ல ஸ்விட்ச்சுகளையும் கொஞ்சம் தட்டிவிட்டுப் போகிறது. இந்த மருந்து சாப்பிடுகிற சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைவதையும், எலும்பின் வளர்சிதை மாற்றம் மாறுவதையும் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மூன்றாவது, செல்கள் கூட்டமாக அழியும்போது யூரிக் அமிலம் ஏறும். அதனால் கால் கட்டைவிரல் மாதிரி மூட்டுகளில் சுருக்கென்று குத்தலாம். அதற்குத்தான் ஆரம்பத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், வேண்டியிருந்தால் மாத்திரையும் தருகிறார்கள்.

ஆக, வலித்தால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. இமாட்டினிப்பை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2003-ல் வந்தது. அதில் மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் எலும்பு, தசை வலி என்று சொல்லியிருந்தார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே அளவு. பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் அதிகம். அப்புறம் படிப்படியாக அடங்கும்.

எனக்கு ஒன்பதாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில். சுளுக்கு மாதிரி இல்லை, அடிபட்ட மாதிரியும் இல்லை. எலும்புக்குள்ளே யாரோ உட்கார்ந்து நிதானமாக சைக்கிள் பம்ப் அடிக்கிற மாதிரி. திரும்பிப் படுத்தால் இடுப்பில் அடித்தார்கள். எழுந்து நடந்தால் மறுபடி காலில். மணி பார்த்தேன், இரண்டேகால். தெருவில் கூர்க்காவும் நானும்தான் விழித்திருந்தோம். அவருக்காவது அதற்குச் சம்பளம் உண்டு!

ஆளுக்கொரு வைத்தியம்

தமிழ்நாட்டில் வலி என்று வாய் திறந்தால் போதும், எல்லோரும் எம்.பி.பி.எஸ்.

"முடக்கத்தான் தோசை சாப்பிடுடா. முடக்கு அறுத்தான்னுதான் பேரே" என்றாள் அம்மா. "பிரண்டைத் துவையல் சார், எலும்புக்கு அதான் சிமென்ட்" என்றார் அக்கவுன்ட்ஸ் சீனியர். "டெய்லி அஞ்சு கிலோமீட்டர் ஓடு மச்சி" என்றான், லிஃப்ட் ரிப்பேரானால் லீவ் போடுகிற நண்பன் ஒருவன்.

எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"முடக்கத்தான் தோசையா?"

"ஆமா மேடம்."

"தோசையா என்னிக்காவது சாப்பிடுங்க. மாத்திரைக்குப் பதிலா சாப்பிடாதீங்க. சூரணம், கஷாயம், லேகியம்னு டப்பாவுல வர்றது எதுவா இருந்தாலும் எங்கிட்ட காட்டாம தொடக்கூடாது. உங்க மாத்திரை கல்லீரல் வழியாத்தான் போகணும். அங்க வேற எதையாவது குறுக்க விட்டா மருந்தோட அளவு ஏறும், இல்ல இறங்கும். பம்பளிமாஸ்கூட வேண்டாம்."

தெருமுனை கிளினிக்கில் ஒரு வலி ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்றேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேண்டவே வேண்டாம். ஆரம்பத்துல ப்ளேட்லெட் எப்போ குறையும்னு சொல்ல முடியாது. அது குறைஞ்சிருக்கிறப்போ இடுப்புல ஊசி போட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களா மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போடாதீங்க. ரத்தக்கசிவு வரலாம், கிட்னிக்கும் ஆகாது. பாராசிட்டமால் போடலாம். அதுவும் நான் எழுதிக் குடுக்கற அளவுதான்."

தேய்க்கிற தைலமும் இந்த லிஸ்ட்டில் உண்டு என்பது எனக்குப் புதுசு. கடையில் விற்கும் வலி க்ரீம்கள் பலவற்றில் மீதைல் சாலிசிலேட் என்று ஒன்று இருக்கிறது. அது ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை! ப்ளேட்லெட் குறைவாக இருக்கும்போது உடம்பு பூராவும் தேய்த்துக்கொள்வதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. முரட்டு மசாஜும் கூடாது.

"சரி, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லைங்கறது ஒரு மார்க்கா? பத்துக்கு எவ்வளவு?"

"ராத்திரி... ஏழு. பகல்ல நாலு."

"இப்படிச் சொன்னாத்தானே நான் ஏதாவது செய்ய முடியும்? லேடீஸ் வந்தா எங்க வலிக்குது, எப்போ வலிக்குதுன்னு சொல்லிடறாங்க. ஆம்பளைங்கதான் 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திடறாங்க!"

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. வெளியே க்யூவில் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ரத்தம் கொடுக்கிற க்யூவில் எனக்கு முன்னால் ஒருவர். ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். என்னைவிட நாலைந்து வயசு பெரியவர். ஒரு வருஷமாக அதே மாத்திரை, அதே 400 மில்லிகிராம். கொஞ்ச நேரத்தில் சிநேகமாகிவிட்டோம்.

"வலியை எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன பிரதர்... ஆரம்பத்துலயிருந்தே ஞாயித்துக்கிழமை மட்டும் போடறதில்ல. அன்னிக்கு ஒரு நாளாவது பசங்களத் தூக்கி வெச்சு விளையாடணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும்தானே லீவ்?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம் 30 மாத்திரை. நாலு ஞாயிறு போனால் 26. அதாவது நூற்றுக்குச் சுமார் 87. பரீட்சையில் 87 மார்க் என்றால் தெருவுக்கே ஸ்வீட் கொடுப்போம். இந்தப் பரீட்சையில்?

லண்டனில் டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மாத்திரை பாட்டிலின் மூடிக்குள் எலெக்ட்ரானிக் சிப் வைத்து, மூடி எப்போதெல்லாம் திறக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பல வருஷமாக இமாட்டினிப் சாப்பிட்டு, நோய் நல்ல கட்டுப்பாட்டில் இருந்த 87 பேர். முடிவு 2010-ல் வெளியானது. நூற்றுக்கு 90-க்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், ஆறு வருஷத்தில் நோயின் ஜீன் அளவு நன்றாகக் குறைவதற்கான வாய்ப்பு 94.5 சதவிகிதம். 90-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு? வெறும் 28.4! 80-க்குக் கீழே போனவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவுக்குக் குறையவில்லை.

90-க்கும் 87-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மாத்திரை. பாஸ் மார்க்கே 90-க்கு மேல் என்று வைத்திருக்கும் கண்டிப்பான வாத்தியார் இந்த வியாதி.

அடுத்த தடவை அவரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அன்று வந்த அவருடைய ரிப்போர்ட்டில் ஜீன் அளவு இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. டாக்டரம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லையாம். "இதைப் போன வருஷமே சொல்லியிருந்தா வலிக்கு மருந்து குடுத்திருப்பேனே" என்றாராம். இப்போது அவருக்கு வேறு மாத்திரை. ஞாயிறும் உண்டு.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை விழுங்காவிட்டால் நாளைக்குத் தூங்கலாமே என்று மனசு பேரம் பேசியது. அந்த 87-தான் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டு, காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து 'வலி எட்டு மார்க்' என்று சொன்னேன்.

சொன்னதால் கிடைத்தவை

கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம், யூரிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் சோதித்தார்கள். எனக்கு பாஸ்பேட் கொஞ்சம் கம்மி, வைட்டமின் டி ரொம்பக் கம்மி. வெயிலைக் காலண்டரில் மட்டும் பார்க்கிற ஏ.ஸி. ஆபீஸ் உத்தியோகம்! இரண்டையும் சரிக்கட்ட மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். ராத்திரி போட்டுக்கொண்டிருந்த எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

வலிக்கு ஒரு சின்ன டைரி போட்டேன். தேதி, மணி, இடம், பத்துக்கு எத்தனை. டாக்டருக்கு என் முனகலைவிட அது உபயோகமாக இருந்தது.

ராத்திரி சூடு தாங்குகிற அளவுக்கு வெந்நீர் ஒத்தடம், துணி சுற்றிய பையில். படுக்கும் முன் கெண்டைக்காலை மெதுவாக நீட்டி மடக்குவது. முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. பகலில் ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் கூலர் வரை நடை. அசையாமல் உட்கார்ந்திருந்தால் வலி நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறது. ஆனால் கிரிக்கெட், கபடி எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். மண்ணீரல் வீங்கியிருக்கும் சமயத்தில் வயிற்றில் அடி படக்கூடாது.

மானேஜரிடம் நேராகப் போய், இன்ன வியாதி, இன்ன மருந்து, இரண்டு மூன்று மாதம் இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். காலை வருகையை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தார். இந்த மருந்துக்குக் கண் இமை வேறு வீங்கும். "நேத்து ராத்திரி பார்ட்டியா?" என்று கேட்பவர்கள் குறைந்தார்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்

வலியோடு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஜுரம். முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, பலவீனம், சிறுநீர் அடைப்பு. இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி. ஒரே கால் வீங்கிச் சிவப்பது. ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத கன்றல். இதில் எது வந்தாலும் டைரியை மூடிவிட்டு ஆட்டோ பிடியுங்கள். அடங்கிப்போன வலி பல மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. எல்லா லுகேமியா வலியும் ஒன்றல்ல. அக்யூட் வகைகளின் வைத்தியம் வேறு, வலியும் வேறு. வின்கிறிஸ்டின் ஊசிக்குத் தாடையும் காலும் வலிக்கலாம். வெள்ளை அணுவை வளர்க்கும் ஊசிக்கு இடுப்பும் முதுகும் வலிக்கலாம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது மூட்டு வலிக்கலாம். ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு இடுப்பு மூட்டு வலி விடாமல் இருந்தால் ஸ்கேன் அவசியம். எனவே, என் சீட்டை உங்கள் சித்தப்பாவுக்கு நீட்டாதீர்கள்!

பாக்கிக் கணக்கு

மூன்றாம் மாதம் ஜீன் அளவு பத்து சதவிகிதமோ அதற்குக் கீழோ, ஆறாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் பூஜ்யம் புள்ளி ஒன்று. டாக்டர்கள் எதிர்பார்க்கும் படிக்கட்டு இது. நான் மூன்று படியும் இறங்கிவிட்டேன். 2003-ல் சொன்னேனே, அந்தப் பெரிய சோதனை, அதில் மாத்திரையில் ஆரம்பித்தவர்களில் பத்து வருஷம் தாண்டியும் நூற்றுக்குச் சுமார் 83 பேர் உயிரோடு இருந்ததாகக் கணக்கு. பி.எஃப். கணக்கை இப்போது அக்கறையாகப் பார்க்கிறேன்.

பல வருஷம் நன்றாகக் கட்டுப்பட்ட சிலருக்கு டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நிறுத்தினாலும் சிலருக்குக் கொஞ்ச காலம் மூட்டும் தசையும் வலிக்குமாம். வரும்போதும் சண்டை, போகும்போதும் சண்டை. சில சொந்தக்காரர்கள் அப்படித்தான்!

வலி டைரியைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஏழு, எட்டு, ஆறு, ஆறு, நாலு என்று போய், பத்தாவது வாரத்தில் ஒரு 'இரண்டு'. அதற்கப்புறம் வெறும் பக்கங்கள். வலி வந்த தேதி, மணியோடு இருக்கிறது. போன தேதியை மட்டும் காணோம். எழுத மறந்துபோகிற அளவுக்கு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.